முனீஸ்வரி வளர்க்காத கன்றுகள்

கம்பத்திலிருந்து கூடலூர் போகும் பெரிய ரோட்டை விட்டுத் தென்னந்தோப்புகளுக்குள் இறங்கினால் இத்ரீஸின் மட்டை மில் இருந்த இடம் வரும். இப்போது தகரக் கூரை மட்டும் நிற்கிறது. மில் ஓடிய காலத்தில் தேங்காய் உரித்த மட்டை ஒரு பக்கம் குன்றாகக் குவிந்து கிடக்கும். இயந்திரம் அதைக் கிழித்து நாரை ஒரு வழியிலும் தூளை ஒரு வழியிலும் தள்ளும். பெண்கள் அந்தத் தூளைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்க, அது செங்கல் போலக் கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பல் ஏறும். போய்ச் சேருகிற நாட்டில் மண்ணுக்குப் பதிலாக அதில் செடி வளர்க்கிறார்கள் என்று இத்ரீஸ் சொன்னபோது முனீஸ்வரி நம்பவில்லை.

"நம்ம கால்ல ஒட்டுனா ஒதறிவிடுற தூச, அவுக காசு குடுத்து வாங்குறாகளா? அந்த ஊர்ல மண்ணே இல்லையா பாய்?"

"மண்ணு இருக்கு. ஒன்ன மாதிரி கேள்வி கேக்குறவுக இல்ல" என்றார் இத்ரீஸ்.

பெண்கள் சிரித்தார்கள். முனீஸ்வரியும் சிரித்தாள். அந்த மில்லில் அவளுக்குக் கூலியோடு சேர்த்துக் கிடைத்த இன்னொன்று அது. அவள் வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிப்பார்கள்.

அவள் பிறந்தது ஓடைப்பட்டியில். அப்பா கர்ணன் பிறத்தியார் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பார்த்தவர். பழுக்கிற நேரத்தில் மழை அடித்துக் கொத்துக் கொத்தாக வெடித்து அழுகிய வருடங்களில் அரசு நஷ்டஈட்டுக்குக் கணக்கெடுக்க ஆள் வருவார்கள். அப்பா அவர்களைப் பந்தலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய், அழுகியதையும் காட்டுவார், அழுகாததையும் அழுகியதாகவே காட்டுவார். கால்வாசி போயிருந்தால் பாதி என்பார். பாதி போயிருந்தால் தோட்டமே போச்சு என்று தலையில் கைவைத்து உட்காருவார். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதையேதான் செய்வார். எப்படியும் மேலே போகப் போகக் குறைத்துக்கொண்டேதான் போவார்கள், அதனால் கீழே இருப்பவன் கூட்டிச் சொல்லித்தான் ஆகவேண்டும். இதைப் பொய் என்று அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை. சந்தையில் பேரம் பேசுவது போல அதுவும் ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

மணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகு பல வருடம் மற்றப் பெண்களைப் போல அவளும் விடிவதற்கு முன்பே ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய், பொழுது அடைந்து இறங்கினாள். மகள் உமாதேவி வளர்ந்ததைப் பார்த்ததை விட அவள் தூங்கிக் கிடந்ததைப் பார்த்ததுதான் அதிகம். இத்ரீஸ் மில் தொடங்கிய பிறகுதான் பகலில் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. மில்லுக்குத் தாழ்வான பக்கத்தில்தான் வீடு. மத்தியானம் வந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். உமாதேவியை வடுகபட்டியில் கட்டிக்கொடுக்கும்வரை தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மில்லில் அவளோடு ஒட்டிப் பிறந்தவள் போல இருந்தவள் முத்துப்பேச்சி. நறுக்கென்று பேசுவாள். ஆனால் கட்சி வேட்டியோ கழுத்தில் அட்டை மாட்டிய ஆளோ வந்தால் முந்தானைக்குள் வாயை மறைத்துக்கொண்டு முனீஸ்வரியின் முதுகில் கைவைத்துத் தள்ளுவாள். "நீ போயிப் பேசுடி. எங்களுக்கு வாயி நீதான்." ரேஷன் கார்டுக்கும், நூறுநாள் வேலைக்கும், தெருவிளக்குக்கும் முனீஸ்வரிதான் பேசினாள். பேசி வாங்கியும் கொடுத்தாள்.

முதலில் தூளைக் கழுவும் வழக்கமே அங்கு கிடையாது. ஏற்றுமதிக்கு ஊக்கம் கொடுக்கிறோம் என்று அரசு நடத்திய பயிற்சிக்கு இத்ரீஸ் போய்வந்தார். தூளில் இருக்கிற உப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் அலசினால்தான் வெளிநாட்டில் எடுப்பார்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அவர் ஆழ்குழாய்க்கு மோட்டார் போட்டார். தூள் அலச அலச, கொதித்துத் திரிந்த தேயிலைச் சாறு போலத் தண்ணீர் இறங்கியது. அது மில்லின் ஓரமாக ஒரு வாய்க்கால் பிடித்து, தாழ்வான பக்கம் போய், தரையில் ஊறி மறைந்துவிடும். மறைந்த தண்ணீரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அடுத்த வருடம் தொழில் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். இளவயது. டீ குடித்தார். பெண்களிடம் கைச் சொறி இருக்கிறதா என்று விசாரித்தார். தொழிலைக் கெடுக்காமல் சுற்றுப்புறத்தையும் காப்பாற்ற ஒரு திட்டம் வந்திருக்கிறது என்றார். தரைக்குச் சிமெண்டு போட்டு, கழுவின தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத் தெளியவைத்து மறுபடி அதையே பயன்படுத்தினால், கட்டும் செலவில் ஒரு பங்கை மானியமாக அரசே தரும். "எழுதிப் போடுங்க. நேர்ல பாக்க ஆள் வருவாங்க."

பெண்களின் காதில் நின்றது அந்தக் கடைசி வார்த்தைதான். ஆள் வருவார்கள்.

ஆள் வந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. இத்ரீஸ் தொழுகைக்குக் கம்பம் போயிருந்தார். ஜீப்பிலிருந்து இருவர் இறங்கினார்கள். ஒருவர் கையில் வெள்ளைக் கேன்கள், இன்னொருவர் கையில் அட்டையில் மாட்டிய தாள். வாய்க்காலைப் பார்த்தார்கள், கேனில் பிடித்தார்கள். பிறகு தாள் வைத்திருந்தவர் நிழலுக்கு வந்து, "இந்தத் தண்ணியால உங்களுக்கு ஏதாவது பாதிப்பு இருக்காம்மா?" என்று கேட்டார்.

முத்துப்பேச்சியின் கை முனீஸ்வரியின் முதுகில் பட்டது.

பாதிப்பு என்று யாராவது கேட்டு முனீஸ்வரிக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஓடைப்பட்டியில் பந்தலுக்கடியில் கேட்ட சொல் அது. அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தொட்டி பெரிதாகக் கிடைக்கவேண்டுமானால் பாதிப்பும் பெரிதாக இருக்கவேண்டும்.

"பாதிப்பா? என்ன சார் இப்படிக் கேட்டுட்டீக? எங்க கெணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியல. எல்லாம் இங்கன இருந்து எறங்குனதுதான். எங்க வீட்டுல ரெண்டு கன்னுக்குட்டி சார். குடிச்சது, வகுறு வீங்குச்சு, போயிருச்சு."

அவள் வீட்டில் கன்றுக்குட்டி எப்போதும் இருந்ததில்லை. ஓர் ஆடு இருந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது.

"ஆமா சார்" என்றாள் முத்துப்பேச்சி, வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு. "ரெண்டும் செவலை. பாக்க அம்சமா இருக்கும். இவ அன்னத்தண்ணி எறங்காம அழுதா."

"நாங்கதான் தேத்துனோம்" என்றாள் அவர்களோடு தூள் அலசுகிற லத்திபா.

"கெணறு எங்க இருக்கு?"

முனீஸ்வரி உற்சாகமாக முன்னால் நடந்து காட்டினாள். அவர்கள் கிணற்றிலும் ஒரு கேன் பிடித்துக்கொண்டார்கள். சொன்னதை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப் போனதும், பெண்கள் தூள் குவியலில் சாய்ந்து விழுந்து சிரித்தார்கள். "வகுறு வீங்குச்சாம்ல!" என்று முத்துப்பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கே ஒரு நிமிசம் கண்ணு கலங்கிருச்சுடி. ரெண்டு என்ன ரெண்டு, நாலுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நாலுன்னா பால்பண்ணைன்னு நெனச்சு வரி போட்ருவாக" என்றாள் முனீஸ்வரி.

இத்ரீஸ் திரும்பி வந்ததும், மானியத்துக்குப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்று சொன்னார்கள். அவர் சந்தோஷப்பட்டு எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னார்.

வந்தவர்கள் மானியத்துக்காரர்கள் இல்லை. மாசு பார்க்கிற அலுவலகத்துக்காரர்கள். மட்டைத் தூள் தொழிலையும் கண்காணிக்கவேண்டும் என்று அரசு முடிவெடுத்திருந்தது. அதன்படி அவர்கள் வழக்கமாக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இது தெரியவந்தது உத்தரவு வந்த பிறகுதான். மில்லை உடனே நிறுத்தவேண்டும், மின் இணைப்பைத் துண்டிக்கவேண்டும். மின்வாரிய ஆள் மின்கம்பத்தில் ஏறி வயரைக் கழற்றும்வரை பெண்களுக்கு அது புரியவில்லை. இயந்திரம் நின்றதும் தோப்பில் குருவிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அங்கே இருந்தது என்பதையே அதுவரை யாரும் கவனித்ததில்லை.

உத்தரவோடு இணைத்திருந்த, பெண்கள் அன்று சொன்னதை எழுதிய தாளை இத்ரீஸ் நின்றபடியே படித்தார். படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் மற்றவர்கள்தான்.

"வாயி வாயின்னு சொல்லிச் சொல்லி நாமதான் இவள ஏத்திவிட்டோம்" என்றாள் லத்திபா.

"ஏன், நீயுந்தான் தேத்துனோம்னு சொன்ன?" என்றாள் முனீஸ்வரி.

"நீ ஆரம்பிச்ச, நாங்க ஆமா போட்டோம். ஆரம்பிச்சது ஆரு?"

முனீஸ்வரி முத்துப்பேச்சியைப் பார்த்தாள். முத்துப்பேச்சி செருப்பைத் தேடுவது போலக் குனிந்திருந்தாள். அதற்கப்புறம் அவள் முனீஸ்வரியிடம் பேசவில்லை. எதிரே வந்தால் தெரு மாறிப் போனாள். சண்டை போட்டுப் பேசாமல் இருந்தால் ஒருநாள் சமாதானம் ஆகலாம். இது சண்டையே இல்லாத பேச்சறுந்த நிலை. எங்கே பிடித்துச் சேர்ப்பது என்று தெரியவில்லை.

சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டால் மில் ஓடும் என்று முனீஸ்வரி நினைத்தாள். கணவன் முத்துப்பாண்டி வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன். அவன் தடுத்தான். "அங்க போயி நான் பொய் சொன்னேன்னு சொல்லப் போறியா? ஒன்னையப் புடிச்சு உள்ள வைச்சா நான் யார்கிட்டப் போயி நிக்க?" ஆனால் அவள் பஸ் ஏறித் தேனிக்குப் போனாள். கேட்டுக் கேட்டு அந்த அலுவலகத்தைக் கண்டுபிடித்து, தாள் வைத்திருந்த அதே அதிகாரியின் மேசை முன்னால் நின்றாள்.

"சார், அன்னைக்கு நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன். கெணத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்கு. நாங்க அதத்தான் குடிக்கிறோம். அத எழுதிக்கிட்டு கரண்ட குடுத்துருங்க சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "குடிக்கிறீங்களா? இன்னுமா?"

"ஆமா சார். ஒண்ணும் ஆகல."

அவர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். கிணற்றில் பிடித்த தண்ணீரைச் சோதித்தாயிற்று. உப்பு எக்கச்சக்கம். தூளின் சாயமும் இறங்கியிருக்கிறது. "நீங்க கூட்டிச் சொல்லலம்மா. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. பருப்பு வேகுதா உங்க வீட்டுல?"

பருப்பு வேகாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரேஷன் பருப்பு மட்டம் என்று கடைக்காரனை அவள் திட்டாத நாளில்லை. டீயில் ஒரு கரிப்பு இருந்தது. பழகிப் போயிருந்தது. வீட்டுக்கு வந்த உமாதேவி, "அம்மா, தண்ணி என்னமோ மாதிரி இருக்கு" என்றதற்கு, "வடுகபட்டி போனதும் மகாராணி ஆயிட்டியோ?" என்று கேட்டிருந்தாள்.

"வாய்க்கால் மட்டும்னா திருத்திக்கச் சொல்லித் தவணை குடுத்திருப்போம்" என்றார் அதிகாரி. "குடிக்கிற கிணறு கெட்டிருந்தா உடனே நிறுத்தித்தான் ஆகணும். நீங்க காட்டலன்னா நாங்க கிணத்துல எடுத்திருக்கவே மாட்டோம். நல்லது செஞ்சிருக்கீங்க."

"கன்னுக்குட்டி..." என்று ஆரம்பித்தாள்.

"கன்னுக்குட்டிய விடுங்க. நீங்க அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க."

திரும்பி வந்த பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பொய் என்று நினைத்துச் சொன்னது நிஜமாக இருந்தது. ஆனால் அவள் சொன்னபோது அது பொய்தான். இதை யாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் மில்லை நிறுத்தினவள் நிறுத்தினவள்தான். சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் அதைத்தான் குடித்துக்கொண்டிருப்பாள். இரண்டையும் மனதில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். சின்னமனூர் தாண்டியும் அவை ஒன்றுசேரவில்லை.

இத்ரீஸ் விடாமல் அலைந்தார். தொட்டி கட்டிக் காட்டினால் மில்லைத் திறக்க அனுமதி தருவதாக மாசு அலுவலகத்தில் சொன்னார்கள். தொழில் துறையில் தொட்டிக்கு மானியம் கேட்டால், ஓடுகிற மில்லுக்குத்தான் மானியம், அனுமதிச் சான்றைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். வங்கியில், மானியம் உறுதியானால் மிச்சத்தைக் கடனாகத் தரலாம் என்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் உட்காரச் சொல்லித்தான் பேசினார்கள். டீக்கடையில் அவர் ஒருநாள் சொன்னதை முத்துப்பாண்டி வீட்டில் வந்து சொன்னான்:

"ஒருத்தர் வந்து கழுவுன்னாரு, கழுவுனேன். ஒருத்தர் வந்து கழுவுன தண்ணிய விடாதன்னாரு. ஒருத்தர் தொட்டி கட்டு, ஒரு பங்கு நான் தாரேன்னாரு. மூணுமே நல்ல பேச்சுத்தான்ப்பா. மூணு பேரும் சேந்து ஒரே நாள்ல வந்திருந்தா, நான் மொதல்ல தொட்டிய கட்டிட்டு அப்புறம் கழுவியிருப்பேன். அந்தக் கெணறும் கெட்டிருக்காது."

மழைக்காலம் முடிவதற்குள் அவரால் தாங்க முடியாமல் போனது. உடுமலைப் பக்கம் ஒருவருக்கு இயந்திரங்களைப் பேசி முடித்தார். அங்கே தொட்டி கட்டின மில்லாம்.

லாரி வந்த அன்று பெண்கள் எல்லோரும் மில்லுக்கு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. துக்க வீட்டுக்கு வருவது போல வந்து தென்னை மரங்களுக்கடியில் ஒரு கூட்டமாக நின்றார்கள். முனீஸ்வரி கொஞ்சம் தள்ளி, தனியாக நின்றாள். சங்கிலி போட்டு இயந்திரத்தைத் தூக்கியபோது லத்திபா அழுதாள்.

இத்ரீஸ் கூட்டத்திடம் பேசிவிட்டு முனீஸ்வரியிடம் வந்தார். முகம் கருத்து, தாடி நரைத்துவிட்டிருந்தது.

"சின்னமனூர்ல நமக்கு வேண்டியவர் ஒருத்தர் வாழைக்காய் பேக்கிங் ஷெட் வச்சிருக்காரு. நம்ம பொம்பளைக எல்லாரையும் சேத்துக்கச் சொல்லியிருக்கேன். நான் சொன்னா சரின்னுட்டாரு. கூட்டிட்டுப் போகத் திங்கக்கெழம வேன் வரும், நீயும் போ."

அவள் தலையாட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் முனீஸ்வரி. கேக்க மனசு வரல." அவர் சட்டைப்பையைத் தொட்டார், எதையும் எடுக்கவில்லை. "கன்னுக்குட்டி செத்துச்சே, அன்னைக்கே ஏன் எங்கிட்டச் சொல்லல? வாயில்லா சீவன். என் தண்ணியக் குடிச்சுச் செத்துச்சுன்னு படிச்சதுலயிருந்து எனக்குத் தூக்கம் இல்ல. தொழுகையில நிக்கிறப்பவும் அதுதான் வருது."

ஆமாம் பாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் போய்விடுவார். ஆனால் போகிற இடத்துக்கெல்லாம் அந்த இரண்டு கன்றுகளையும் கூட்டிக்கொண்டு போவார்.

"கன்னுக்குட்டியே இல்ல பாய்."

"என்ன?"

"எங்ககிட்ட எந்தக் காலத்துலயும் மாடு கெடையாது. தொட்டிக்குத்தான் வந்திருக்காகன்னு நெனச்சு நான் கூட்டிச் சொன்னேன். கெணறு கெட்டது நெசம். அதுவும் எனக்கு அன்னைக்குத் தெரியாது."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் தோள்கள் ஒரு கணம் லேசாக இறங்கின, எதையோ இறக்கி வைத்தது போல. பிறகு அவர் முகம் மெல்ல மரங்களுக்கடியில் நின்ற கூட்டத்தின் பக்கம் திரும்பியது.

"உடன் இருந்தவுகளும் சொன்னாகன்னு அதுல போட்டிருந்துச்சே. அப்ப இவுக அத்தன பேரும் தெரிஞ்சேதான் ஆமா போட்டாகளா? நான் பள்ளிவாசல்ல நிக்கிற நேரத்துல, என் மில்லுலயே நின்னுக்கிட்டு?"

முத்துப்பேச்சி அங்கிருந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு காதில் விழாத தூரம்.

"அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது பாய்" என்றாள் முனீஸ்வரி. "எங்க கன்னு ரெண்டு அக்கா வீட்டுல நின்னு செத்துச்சுன்னு முன்னாடியே அவுககிட்டச் சொல்லி வச்சிருந்தேன். நான் சொன்னத நம்பிச் சொல்லிட்டாக. பொய்ன்னு அவுகளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

லாரிக்காரன் கூப்பிட்டான். அவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"என்னைய நம்பித்தான் அவரு ஆளச் சேக்குறாரு" என்றார் கடைசியில், அவளைப் பார்க்காமல். "மத்தவுகள அனுப்பிருவேன். ஒன்ன எப்படி நல்லவன்னு சொல்லி அனுப்புவேன் நான்?"

"வேணாம் பாய்" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை வேன் வந்து ரோட்டோரம் நின்றது. பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறினார்கள். முனீஸ்வரி பஞ்சாயத்துக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். வேன் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலில் முத்துப்பேச்சியின் தலை தெரிந்தது. அவள் உள்ளே யாரிடமோ ஏதோ சொன்னாள். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, இத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் கத்தினாள்:

"ஏய், வாரியா இல்லையாடி? எடம் போட்டு வச்சிருக்கேன்ல!"

முனீஸ்வரி குழாயை மூடினாள். குடம் இன்னும் நிறையவில்லை.

"எனக்கு மேலுக்கு முடியல. நீங்க போங்க."

"மேலுக்கு முடியலையாம். வீம்பு!" என்றாள் முத்துப்பேச்சி. "நாலு நாளு பேசாம இருந்துட்டோம்னு வீம்பு பண்றா பாருங்க. நீ கெட, எனக்கென்ன?" ஆனால் வேன் திருப்பத்தில் மறையும்வரை அவள் தலையை உள்ளே இழுக்கவில்லை.

முனீஸ்வரி குழாயை மறுபடி திறந்தாள்.